ஜிபிஏ நோயாளிக்கு இரண்டு பக்கமும் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்: முதலில் ஸ்டென்டா, பல்ஸா?

நெஃப்ரோ பிஜி (சிறுநீரகத் துறை மேற்படிப்பு மருத்துவர்):
ஆண், வயது 46, எடை 60 கிலோ. பிஆர்3 (ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் ஜிபிஏ, அதாவது சிறு ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் தன்னெதிர்ப்பு நோய். நாலு மாதமாக சைக்ளோபாஸ்ஃபமைடு (எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) மாத்திரை தினம் 120 மி.கி., கூடவே ஸ்டீராய்டும், தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்ஸசோலும். மூக்கும் நுரையீரலும் தெளிந்துவிட்டன. க்ரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) மட்டும் மூன்றே வாரத்தில் 1.3-லிருந்து 2.6. யூரினில் ஆர்பிசி காஸ்ட் (சிறுநீரக அழற்சியைக் காட்டும் சிவப்பணு அச்சுகள்) இல்லை, புரதம் 1+. ஸ்கேனில் இரு பக்கமும் மிதமான ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (யூரின் தேங்கி சிறுநீரகம் வீங்குவது). கல் இல்லை, யூரின் போன பிறகு பிளாடரில் மிச்சம் இல்லை. வலியும் இல்லை. நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) திரும்பியதாக எடுத்துக்கொண்டு மெத்தில்பிரட்னிசலோன் பல்ஸ் (சில நாள் மட்டும் நரம்பு வழியே அதிக டோஸ் ஸ்டீராய்டு) கொடுக்கலாமா?

யூராலஜி:
அடைப்பை முதலில் திறங்கள் டாக்டர். காஸ்ட் இல்லாமல் க்ரியாட்டினின் ஏறி, இரு பக்கமும் வீக்கம் என்றால் கோளாறு சிறுநீரகத்துக்குக் கீழே. ஜிபிஏவில் யூரிட்டரை (சிறுநீரகத்திலிருந்து பிளாடருக்கு யூரின் போகும் குழாய்) சுற்றியுள்ள ரத்தக்குழாய்களே அழற்சியில் சிக்கி, யூரிட்டர் சுருங்கும். அரிது, ஆனால் மெல்ல அடைபடுவதால் வலியே தெரியாமல் போகும்.

இந்த க்ரியாட்டினினுக்கு கான்ட்ராஸ்ட் (ஊசிச் சாயம்) வேண்டாம், பிளெயின் சிடி போதும். சிஸ்டோஸ்கோப்பி மேசையிலேயே ரெட்ரோகிரேட் பைலோகிராம் (பிளாடர் வழியே யூரிட்டருக்குள் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தால் சுருக்கத்தின் இடமும் நீளமும் கிடைக்கும். பிறகு 6 ஃப்ரெஞ்ச், 26 செ.மீ. டிஜே ஸ்டென்ட் (யூரிட்டரைத் திறந்துவைக்கும் மெல்லிய குழாய்) இரு பக்கமும். வயர் ஏறாவிட்டால் மல்லுக்கட்டாமல் பிசிஎன் (முதுகு வழியே நேராகச் சிறுநீரகத்துக்குள் வைக்கும் குழாய்) போடுங்கள். அழற்சி அடங்காத யூரிட்டரை பலூனால் விரிப்பதும் வெட்டி ஒட்டுவதும் இப்போது கூடாது: ஸ்டீராய்டில் தையல் ஆறாது, கசியும், மறுபடி சுருங்கும்.

அடைப்பு திறந்ததும் யூரின் கொட்டலாம். மணிக்கு ஒருமுறை அளந்து, 200 மி.லி.யைத் தாண்டிக்கொண்டே போனால் போனதில் பாதியை ஹாஃப் நார்மல் சலைனால் ஈடுகட்டுங்கள். பொட்டாசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ருமட்டாலஜி:
ஸ்டென்ட் ஏறும் முன் புது யூரின் எடுத்து செடிமென்ட்டை (அடியில் படியும் செல்கள், காஸ்ட்கள்) நீங்களே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஸ்டென்ட் உள்ளே போய்விட்டால் அதன் உரசலே ஆர்பிசியைக் கொண்டுவரும். அப்புறம் நெஃப்ரைட்டிஸா இல்லையா என்று யூரினை வைத்துச் சொல்வது கடினம்.

பல்ஸுக்கு முன் டிபியை விலக்கியே ஆக வேண்டும். நம் ஊரில் யூரிட்டர் சுருக்கத்துக்கு அதுதான் முதல் சந்தேகம், பயாப்ஸியில் கிரானுலோமா (அழற்சிச் செல்களின் முடிச்சு) டிபி, ஜிபிஏ இரண்டிலும் வரும். ஒவ்வொரு யூரிட்டரிலிருந்தும் தனித்தனியாக யூரின் எடுத்து ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியின் மரபணுச் சோதனை), டிபி கல்ச்சர், சைட்டாலஜி (செல் பரிசோதனை) அனுப்புங்கள். சிடியில் அயோர்ட்டாவைச் சுற்றித் திசு தடித்து, யூரிட்டர்கள் நடுவை நோக்கி இழுபட்டிருந்தால் ஐஜிஜி4 நோயை (திசுக்களைத் தடிக்கவைக்கும் இன்னொரு அழற்சி நோய்) நினையுங்கள். பிஆர்3 அளவு ஏறியிருப்பது மட்டும் ஃப்ளேருக்கு (நோய் மறுபடி கிளம்புவதற்கு) சாட்சி ஆகாது.

ஜிபிஏ என்று உறுதியானால், சைக்ளோபாஸ்ஃபமைடு ஓடும்போதே வந்திருப்பதால் அதைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹெபடைட்டிஸ் பி பார்த்துவிட்டு ரிட்டுக்சிமாப் (பி செல்களை அழிக்கும் ஊசி), உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 375 மி.கி., வாரம் ஒன்றாக நான்கு, கூடவே ஸ்டீராய்டு. மூன்று மாதத்தில் ஸ்டென்ட் மாற்றும்போது மறுபடி பைலோகிராம். சுருக்கம் விட்டிருந்தால் எடுத்துவிடலாம், ஆனால் 4 வாரத்தில் ஸ்கேன் கட்டாயம். வலி வரட்டும் என்று காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும்.

கோட்ரைமாக்ஸசோலும் க்ரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றும், பொட்டாசியத்தையும் ஏற்றும். இரட்டிப்பானதற்கு அது காரணமில்லை, ஆனாலும் டோஸைக் குறையுங்கள்.

யூராலஜி:
இன்னொன்று. சிஸ்டோஸ்கோப் உள்ளே இருக்கும்போதே பிளாடர் சுவரை முழுக்கப் பாருங்கள். 120 மி.கி. வீதம் நாலு மாதத்தில் சுமார் 14 கிராம் சைக்ளோபாஸ்ஃபமைடு போயிருக்கிறது. 36 கிராமைத் தாண்டினால் பிளாடர் கேன்சர் அபாயம் கூர்மையாக ஏறும், மருந்தை நிறுத்திப் பல வருடம் கழித்தும் வரும். அதனால் மொத்த டோஸை டிஸ்சார்ஜ் சம்மரியில் கிராமில் எழுதிவையுங்கள்.