படகுத்துறைக்கு (ஜெட்டி) அடியில் டைவ்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஓர் உயிர் எது?

கேப் டவுனிலிருந்து:
நைஸ்னா கழிமுகம், தீசன் தீவு ஜெட்டி, போன மார்ச். கையில் ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா, ஒரு டார்ச். கலங்கல் தண்ணீர், நீட்டிய கையே மங்கலாகத்தான் தெரிந்தது. கரையோரக் கம்பிவலைக் கல்கூண்டில் பாசியோடு பாசியாக ஒரு கடற்குதிரை. ஆண், கடற்குதிரையில் குஞ்சு சுமப்பது அதுதான். வயிற்றுப்பை உப்பி, தோல் இழுபட்டு மினுங்கியது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். முகத்தைக் கல் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. வால் சுற்றியிருந்த பாசித்தண்டை ஒரே ஒரு விரலால் என் பக்கம் இழுத்தேன். வால் மெதுவாக அவிழ்ந்தது. ஒரு கண் என்னைப் பார்க்க, மற்றொன்று பிடி தேடிச் சுழன்றது. நீரோட்டம் அதைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டது. படம் தெளிவாக வந்திருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

சைமன்ஸ் டவுனிலிருந்து:
அண்ணா, காட்டாமல் இருப்பதே நல்லது. நைஸ்னா, ஸ்வார்ட்ஃப்ளே, கியர்பூம்ஸ் என்று மூன்றே கழிமுகங்களில்தான் உலகத்திலேயே அந்த இனம் இருக்கிறது. விரல் வைக்கலாமா? ஃபிளாஷும் அடித்திருப்பீர்கள். நான் இங்கே ஜெட்டித் தூணில் பார்த்தது ‘கேஸ் ஃபிளேம்’ நூடிபிராங்க், ஓடில்லாத கடல் நத்தை. யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது, முதுகெல்லாம் நீல நுனி, அடுப்புச் சுடரேதான். குளிரில் பல் தந்தியடித்தது. நாற்பது நிமிடம் அதையே பார்த்திருந்தேன். ஒரு படமும் சரியாக வரவில்லை. பரவாயில்லை.

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து:
தங்கச்சி சொல்வது பாதி சரி. தொடாமல் எப்படி எடுப்பது என்றும் சொல்ல வேண்டும். என் கதை சின்னது: வெட்சஸ் பியர், 1860-களில் கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட அலைத்தடுப்பு. அங்கே ஒரு குட்டி ஆக்டோபஸ் சிப்பி ஓட்டைக் கதவு மாதிரி இழுத்துச் சாத்திக்கொண்டது. இப்போது கேளுங்கள். முதலில் எடைக்கட்டைச் சரிபாருங்கள், முழங்கால் மண்ணில் படவே கூடாது. நைஸ்னாவில் ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரத்தில் இறங்குங்கள், கடல் தண்ணீர் உள்ளே வந்து கலங்கல் குறைந்திருக்கும். ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் தூசியெல்லாம் பனி கொட்டிய மாதிரி விழும், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கடற்குதிரைக்கு இமை கிடையாது, இரண்டு படத்தோடு நிறுத்துங்கள். முகம் காட்டவில்லையா, காத்திருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், ஜெட்டியில் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். என் தாத்தா சாலிஸ்பரி தீவில் வலை இழுத்தவர். கீழே ஆள் இருப்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது என்பார்.

கேப் டவுனிலிருந்து, மறுபடியும்:
ஃபிளாஷ் போடவில்லை தங்கச்சி, டார்ச் மட்டும்தான். அண்ணே, நீங்கள் ஏற்றம் என்றதும்தான் உறைத்தது. அன்று தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அந்தக் கடற்குதிரை ஹெட்ஸ் பாறைகள் பக்கம், கடல் வாயை நோக்கிப் போயிருக்கும். பை நிறையக் குஞ்சு. வழியில் பிடித்துக்கொள்ள ஒரு தண்டாவது அகப்பட்டிருக்குமா?