சினாரியோவுக்கு ‘களக்கரு’: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

மேசைப் போர் விளையாட்டில் எந்தப் போர் நிலைமையை ஆடுவது என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்வதுண்டு. அந்த ‘ரேண்டம் சினாரியோ’வுக்கு ‘சமவாய்ப்புக் காட்சிநிலை’ என்று நேற்று ஒருவர் ஒரு சொல் தந்தார். அதன் இரண்டு பாதியும் எனக்கு நெருடுகிறது.

முதலில் ‘சமவாய்ப்பு’. ‘ரேண்டம்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களில் வேரூன்றிய சொல்தான். ஆனால் இந்த விளையாட்டில் பல நேரம் இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டி, பட்டியலில் பார்க்கிறோம். கூட்டுத்தொகை 7 வர 36இல் 6 வழிகள். 2 வர ஒரே ஒரு வழி. அதனால்தான் பட்டியல் எழுதுகிறவர் நேருக்கு நேர் மோதலை 7க்கு எதிரில் வைக்கிறார். ஆற்றைக் கடக்கையில் பாதிப்படை இக்கரையில் மாட்டிக்கொள்ளும் அபூர்வ நிலைமையை 2க்கு எதிரில் வைக்கிறார். வாய்ப்பு சமமாக இல்லாததே இங்கே சூட்சுமம். அதற்குப் போய் ‘சம’ என்று பெயர் வைத்தால் புதிதாக வருகிறவர் குழம்பிப்போவார். இலங்கைப் பாடநூல்களில் அதே பொருளில் ‘எழுமாற்று’ இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம். கடல் தாண்டி இன்னொரு சொல் எதற்கு என்று கேட்காதீர்கள், அதுவும் நம் சொல்தான்.

அடுத்து ‘காட்சிநிலை’. காட்சி என்றால் ஏற்கெனவே கண்முன் நடப்பது. சினாரியோ அப்படியில்லை. யார் யார், எந்த நிலத்தில், எவ்வளவு படையோடு, எதைப் பிடிக்க, எத்தனை சுற்றுக்குள் என்பதை மட்டும் அது சொல்லும். முடிவு ஆடுகிறவர் கையில்.

நெப்போலியன் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனிடம் தோற்ற வாட்டர்லூ போரை எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18. முந்தைய இரவு மழையில் மண் சேறாகிவிட்டது. தாக்குதல் தொடங்கவே முற்பகல் பதினொன்றரை ஆனது. மாலை நாலரை வாக்கில் வெலிங்டனின் கூட்டாளிகளான பிரஷ்யர்கள், நெப்போலியனின் வலப்புறம் இருந்த பிளான்செனுவா என்ற கிராமத்தின் பக்கம் வந்து விழுந்தார்கள். இந்த வரலாறு மேசையைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் நெப்போலியனாக ஆடுகிறவர் என்ன செய்வார்? முதல் சுற்றிலேயே தன் தளபதி லோபோவின் படையைக் கிழக்கே திருப்பி நிறுத்திவிடுவார். அன்றைய நெப்போலியனுக்கு இருந்த தவிப்பு இவருக்கு இல்லை. அதற்குத்தான் பகடை. ‘நாலாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் உருட்டு, 5 அல்லது 6 விழுந்தால் பிரஷ்யர் வருகை’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். எப்போது வருவார்கள் என்று எதிரில் நிற்கும் வெலிங்டனுக்கும் தெரியாது. இருவர் கண்ணும் பகடைமேலேயே இருக்கும்.

எனவே என் முன்மொழிவு ‘களக்கரு’. கதைக்கரு எல்லோருக்கும் தெரிந்த சொல். கரு தெரிந்தாலும் கதை எங்கே போகும் என்று தெரியாது. இன்னொரு பொருத்தமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் போர் விளையாட்டில் நடுவர் இரு தரப்புக்கும் பொதுவாகத் தரும் நிலைமைக் குறிப்புக்கு ‘கெனரல் இடே’ என்றுதான் பெயர். ‘இடே’ என்றால் கருத்து. ஒவ்வொரு தரப்புக்கும் ரகசியமாகத் தருவது ‘ஸ்பெட்ஸியல் இடே’. நம்மிடம் இவை பொதுக்கரு, தனிக்கரு என்று இயல்பாக அமைந்துவிடும்.

ஒருவர் கேட்டது:

> போர்த்துறை என்று வைக்கலாமே? புறத்திணையில் துறை அதுதானே?

உண்மையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆநிரை கவர்தல், மதில் முற்றுகை என்று போர் நிலைமைகளை வகைப்படுத்திய மரபு நமக்கு உண்டு. ஆனால் இன்று ‘போர்த்துறை’ என்றால் அமைச்சகம்தான் நினைவுக்கு வரும். மனசே இல்லாமல்தான் விடுகிறேன்.

ஆக, எழுமாற்றுக் களக்கரு. உருட்டிப் பார்க்கும் அட்டவணைக்குக் ‘கருப்பட்டியல்’ என்று எழுதிப் பார்த்தேன். கறுப்புப் பட்டியல் போல ஒலிக்கிறது. அதற்கு வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?