முதல் பெரிய சூரை படகோரத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது, தப்பு என்னுடையதா?

கரையொதுங்கி:
வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்தவன், மனசு ஆறாததால் இன்று எழுதுகிறேன். போன மாதம் நண்பர்கள் 5 பேர் சேர்ந்து ஆழ்கடல் சூரை பிடிக்க ஒரு சார்ட்டர் படகு எடுத்தோம். 8 மணி நேரம் என்றுதான் பேச்சு. மீன் இருக்கும் இடத்துக்குப் போகவே இரண்டரை மணி நேரம், திரும்பி வர இன்னொரு இரண்டரை என்பது துறைமுகத்தைத் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மிச்சம் கிடைத்த 3 மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் நான் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி.

அப்புறம்தான் விஷயமே. ட்ரோலிங்கில், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துப் போகும்போது, ஒரு ராட் வளைந்து ரீல் அலறியது, என் முறை என்பதால் என் கையில் கொடுத்தார்கள். 50 பவுண்டு லைன், லீவர் டிராக் ரீல், அதாவது மீன் இழுக்கும்போது லைன் வெளியே ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை (டிராக்) ஒரு லீவரால் இறுக்கித் தளர்த்துகிற வகை. 40 நிமிடம் இழுத்தேன். நடுவில் கை மரத்துப்போய் 5 நிமிடம் நண்பனிடம் கொடுத்து வாங்கினேன். கடைசியில் மீன் படகுக்கு நேர் கீழே வந்து வட்டம் போட ஆரம்பித்தது. மஞ்சள் துடுப்புச் சூரை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தண்ணீருக்குள் தாம்பாளத்தைத் திருப்பிக் காட்டின மாதிரி ஒரு மினுக்கல். டெக்கில் இருந்த பையன் மீனைக் குத்தித் தூக்கும் கொக்கிக் கம்போடு (காஃப்) குனிந்து நின்றான். இதோ முடித்துவிடலாம் என்று டிராக் லீவரை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். டப். அவ்வளவுதான். கேப்டன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

லைன் பழசா, இல்லை நான் செய்தது தப்பா? அடுத்த முறை படகு பேசும்போது என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? வாந்திக்கு என்ன வழி?

காஃப்_கை:
பல வருடம் சார்ட்டர் படகில் டெக் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தப்பு உங்களுடையதுதான். லைன் பழசாகவும் இருந்திருக்கலாம், ஆனால் புது லைனாக இருந்தாலும் அந்த லீவரை அந்த நேரத்தில் தள்ளியிருக்கக் கூடாது. அந்தப் பையன் முன்கூட்டியே உங்களிடம் சொல்லாததும் ஒரு தப்பு, நான் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

கணக்கைப் பாருங்கள். 50 பவுண்டு லைன் சுமார் 23 கிலோ தாங்கும். டிராக் வைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 7 கிலோ, ஏழரை கிலோ. மிச்சமெல்லாம் முடிச்சின் பலவீனத்துக்கும் மீனின் திடீர் வெட்டுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிற இடம். லீவரில் ஸ்ட்ரைக் என்று ஒரு தடுப்பு இருக்குமே, அதைத் தாண்டித் தள்ளினால் அந்த இடத்தை நீங்களே தின்றுவிடுகிறீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மீன் ஓட ஓட ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளை) லைன் குறைந்து சுருளின் விட்டம் சிறிதாகும், விட்டம் பாதியானால் லீவரைத் தொடாமலேயே இழுவை இரண்டு மடங்காகிவிடும். தண்ணீருக்குள் வில் மாதிரி கிடக்கிற லைனைத் தண்ணீர் வேறு பிடித்து இழுக்கும். அதனால்தான் மீன் ஓடும்போது இறுக்காதே என்று கத்துகிறோம்.

படகோரத்தில் கதை வேறு. 100 மீட்டர் நைலான் லைன் வெளியே இருந்தால் அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 10 மீட்டர் மட்டும் இருக்கும்போது மீன் ஒரு தலையாட்டு ஆட்டினால் அது அப்படியே முடிச்சில் போய் விழும். அங்கே லீவரைக் கொஞ்சம் பின்னால் எடுப்பவர்தான் அனுபவசாலி. வட்டம் போடும் சூரை வட்டத்தின் ஒரு பாதியில் உங்களைப் பார்த்து வரும், மறு பாதியில் விலகிப் போகும். வரும் பாதியில் ராடைச் சின்னச் சின்னதாகத் தூக்கி இறக்கிச் சுற்றுங்கள், போகும் பாதியில் சும்மா பிடித்துக்கொண்டிருங்கள். ஒரு வட்டத்துக்கு அரை மீட்டர் கிடைத்தாலும் லாபம். கட்டை விரலால் ஸ்பூலை அழுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டியிருக்கும் தடித்த லைன், கைக்கு எட்டினால் நீங்கள் தொடாதீர்கள், அது எங்கள் வேலை. லீடரைக் கையில் சுற்றிக்கொண்டு மீனோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனவர்கள் உண்டு.

பச்சைமுகம்:
வாந்தி விஷயத்தில் நான் இந்த மன்றத்தின் மூத்த உறுப்பினர். படகில் ஏறி, வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டால் அதுவும் மீனுக்குத்தான் போகும். முந்தின இரவு ஒன்று, காலையில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, இதுதான் நான் செய்வது. மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், சில மாத்திரைகள் தூக்கத்தில் தள்ளிவிடும், நான் ஒருமுறை முதல் மீன் வந்ததே தெரியாமல் தூங்கியிருக்கிறேன். கேபினுக்குள் போய்ப் படுக்காதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், தொடுவானத்தையே பாருங்கள். அணியத்தில் (படகின் முன்பக்கம்) நின்றால் தூக்கித் தூக்கிப் போடும், பின்பக்கம் டீசல் புகை வரும், அதனால் படகின் நடுவில் காற்றுப் படுகிற இடம். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம்.

நீலத்தண்ணீர்:
படகு பேசுவது பற்றி. எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், தூண்டில் எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருக்கும் என்று கேளுங்கள். போகிற வழியிலேயே ட்ரோலிங் செய்வார்களா என்பதும் முக்கியம், சில கேப்டன்கள் முழு வேகத்தில் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் புத்திசாலித்தனம் என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சூரைக்கு இழுக்கும் வேகம் பெரும்பாலும் 6 முதல் 9 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) தான், அந்த வேகத்தில் போனால் மீன் கூடும் தூரத்துக் கடலடி மேட்டை எட்டவே மதியம் ஆகிவிடும்.

போன வாரம் என்ன பிடித்தீர்கள் என்று கேளுங்கள், சுவரில் மாட்டியிருக்கிற படம் எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல கேப்டன் "போன வாரம் இரண்டு நாள் வெறும் கை" என்று தயங்காமல் சொல்வார். நான் நம்புவது அந்த மாதிரி ஆளைத்தான். பிடித்த மீன் யாருக்கு, முழுதும் உங்களுக்கா, பங்கா, படகுக்கா? இது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும், கரையில் வந்து சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று எழுந்தால் பயணத்தை ரத்து செய்வது யார் முடிவு, பணம் திரும்புமா, இதுவும். அப்புறம் விஎச்எஃப் ரேடியோ, உயிர்காப்பு மிதவை, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். கூச்சப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

ஐஸை மறக்காதீர்கள். சூரை மற்ற மீன் மாதிரி இல்லை, சுற்றியுள்ள தண்ணீரைவிடத் தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கும். அரை மணி நேரம் போராடிய பிறகு தசை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். ஏற்றினவுடன் ரத்தம் வடியவிட்டு, கடல்தண்ணீரும் ஐஸும் கலந்த குழம்பில் முழுக வைக்கவில்லை என்றால் சதை வெளிறிக் கெட்டுவிடும். மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் ஊறும், ஊறியது சமைத்தாலும் போகாது. ஐஸ் பெட்டி மீனின் நீளத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பழைய_ரீல்:
நண்பனிடம் 5 நிமிடம் கொடுத்தேன் என்கிறீர்களே, அது ஏறியிருந்தாலும் சாதனைப் பதிவுக்கு ஆகாது, 1939-ல் தொடங்கிய ஐஜிஎஃப்ஏ (தூண்டில் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பு) விதிப்படி போராடும்போது வேறு ஆள் ராடைத் தொட்டாலே போச்சு. உங்களுக்கு அது தேவையில்லைதான். ஆனால் 1953-ல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃப்ரெட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு கருப்பு மார்லின், கிட்டத்தட்ட 708 கிலோ, இன்னும் முறியடிக்கப்படவில்லை என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். நீலத் துடுப்புச் சூரையில் 1979-ல் நோவா ஸ்கோஷியாவில் ஏறிய 679 கிலோவும் அப்படியே நிற்கிறது.

ஒரு வேண்டுகோள். மயில் மீனோ மார்லினோ மாட்டினால் விட்டுவிடுங்கள், படம் எடுக்கிறேன் என்று டெக்கில் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரிலேயே மூக்கைப் பிடித்து, படகை மெதுவாக நகர்த்தி, செவுளில் தண்ணீர் ஓடவிட்டு, அது தானாக உதறும்வரை பொறுங்கள். உயிர் இரை போட்டால் வட்ட முள் (முனை உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) கேளுங்கள், அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். அதற்கு வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சும்மா சுற்றினால் போதும்.

கரையொதுங்கி:
எல்லோருக்கும் நன்றி, காஃப்_கை அண்ணனுக்கு ரெண்டு மடங்கு. நேற்று வேறு ஒரு கேப்டனிடம் பேசினேன், போன வாரம் பற்றிக் கேட்டதும் "ஒரு நாள் நான்கு சூரை, மறுநாள் ஒரு மாஹி மாஹி, அதற்கடுத்த நாள் சுறா பாதியைத் தின்றுவிட்டுத் தலையை மட்டும் அனுப்பியது" என்று சிரித்தார். அவரையே எடுத்திருக்கிறோம். டிராக்கைக் கையால் உணர வேண்டும் என்று ஒரு பழைய ரீலை இரவல் வாங்கி, 7 லிட்டர் தண்ணீர் நிரப்பிய வாளியை மாடியிலிருந்து லைனில் தொங்கவிட்டு, அது மெல்ல வழுக்கி இறங்குகிற இடத்தில் லீவரை வைத்துப் பார்த்தேன். 7 கிலோ இவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரியவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

காஃப்_கை:
வாளி சரி. அடுத்த தடவை லைனை ராடின் வளையங்கள் வழியாகக் கோத்து, ராடை 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள், வளையங்களின் உராய்வும் கணக்கில் வரும். லைன் வெட்டி வெட்டி இறங்கினால் அந்த ரீலின் டிராக் வட்டுகளைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று அர்த்தம், இரவல் கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.