எண்ணெய்க் கிணற்று வேலையில் இருபது ஆண்டு அனுபவம்: வளைகுடாவில் ஏன் ஒருவரும் கூப்பிடுவதில்லை?

காவிரிப்படுகை டிரில்லர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தவன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தபின், எண்ணெய் நிறுவனங்களுக்கு ரிக்கை (கிணறு துளையிடும் இயந்திரத் தொகுதியை) வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்து வருகிறேன். ரிக்கின் தளத்தில் குழாய் பிடிக்கும் ஃப்ளோர்மேனாகச் சேர்ந்து, டெரிக் என்ற கோபுரத்தில் ஏறி, அசிஸ்டன்ட் டிரில்லராகி, இப்போது சில ஆண்டுகளாகத் துளையிடுதலை இயக்கும் டிரில்லராக இருக்கிறேன். குத்தாலம், அடியக்கமங்கலம், நரிமணம் என்று ஊர்ப் பக்கத்தில் தொடங்கிய வேலை, பிறகு ராஜமுந்திரி, அசாம், குஜராத் என்று ரிக் போன இடத்துக்கெல்லாம் என்னையும் கொண்டுபோனது. வயது 46.

டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கள் பகுதியில் புதுக் கிணறு துளையிடும் திட்டம் எதையும் எதிர்பார்க்க முடியாது. நானும் நெல் விளையும் வீட்டில் பிறந்தவன்தான் என்பதால் அந்தச் சட்டத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வடமாநில ரிக்குகளில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சம்பளம் அதே இடத்தில் நிற்கிறது, அல்லது குறைகிறது.

வளைகுடாவுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. பதில் வந்தாலும் "வளைகுடா அனுபவம் ஐந்து ஆண்டு வேண்டும்" என்கிறார்கள், அல்லது வயதைக் கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டிக்கிறார்கள். அங்கே வேலை கொடுத்தால்தானே அங்கத்திய அனுபவம் வரும்? என்னிடம் பைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் 2012 வாக்கில் குவைத்துக்குப் போய், இன்று அங்கே என்னைவிட மேல் பதவியில் இருக்கிறான் என்பதை நினைக்கும்போது, இத்தனை ஆண்டு பட்டறிவுக்கு அவர்கள் பார்வையில் மதிப்பே கிடையாதா என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் காரணத்தை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சிக்கான ஐ.டபிள்யூ.சி.எஃப். சான்றிதழைச் சொந்தச் செலவில் எடுப்பது பயன் தருமா என்பதையும் சொல்லுங்கள்.

மஸ்கட் டூல்புஷர்:

தம்பி, நான் ஓமனிலும் சவூதியிலும் ரிக்கில் டூல்புஷராக, அதாவது டிரில்லர்களுக்கு மேலே ரிக்கின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் குவைத்துப் பையன் உங்களைவிடக் கெட்டிக்காரன் என்பதால் அங்கே போகவில்லை. அவன் போன காலம் அப்படி. 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேல் விற்றது. ரிக்குகள் வரிசையாக வேலைக்கு இறங்கின. ஆள் கிடைக்காமல் நிறுவனங்கள் தவித்தன. அப்போது ஃப்ளோர்மேனாகப் போனவர்கள் அங்கேயே படிப்படியாக ஏறினார்கள். 2016 ஜனவரியில் விலை முப்பது டாலருக்கும் கீழே போனபோது ரிக்குகள் வேலையின்றி ஒதுக்கி வைக்கப்பட்டு, டிரில்லர்கள் அசிஸ்டன்ட் டிரில்லர் சம்பளத்துக்கு வேலை பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட "அங்கே வேலை கொடுத்தால்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். ஓமனில் ஓமன்மயமாக்கலும், சவூதியில் 2011-இல் வந்த நிதாகத் திட்டமும், நிறுவனங்கள் உள்ளூர் ஆட்களை எந்த விகிதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கின்றன. ரிக்கில் அந்த விகிதத்தை எளிதாக நிரப்பக்கூடிய இடம் எது? ரௌஸ்டபவுட் எனும் பொது உதவியாளர், ஃப்ளோர்மேன் போன்ற கீழ்ப்படிகள்தாம். நாங்கள் நுழைந்த வாசல் அதுதான். இன்று அங்கே பெரும்பாலும் அந்த நாட்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், அது அவர்கள் மண், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளிநாட்டவருக்கு மிச்சமிருப்பது மேற்படிகள். மேற்படிக்கு அங்கத்திய ரிக்கை அறிந்தவன் வேண்டும் என்கிறார்கள். உங்களைப் போல் இந்தியாவிலேயே டிரில்லரானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் சவூதி அரசு, உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 130 இலட்சம் பீப்பாயாக உயர்த்தும் இலக்கைக் கைவிட்டு 120 இலட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு அராம்கோவிடம் சொன்னது. அதன் பிறகு அந்த ஆண்டில் கடலில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்அப் ரிக்குகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றின் ஒப்பந்தங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர்கள் எல்லோரும் வளைகுடா அனுபவம் உள்ளவர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அதே இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கிறார்கள்.

மும்பை ஆள்தேர்வாளர்:

நான் மும்பையில் எண்ணெய்த்துறை ஆள்தேர்வில் இருக்கிறேன். டூல்புஷர் ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு காரணமும் தெரியும்.

டிரில்லரைத் தேர்ந்தெடுப்பது ரிக் நிறுவனம் மட்டும் அல்ல. ரிக்கை வாடகைக்கு எடுக்கும் எண்ணெய் நிறுவனம், டிரில்லர், டூல்புஷர் போன்ற முக்கியப் பதவிகளில் இருப்பவர்களுக்கு எத்தனை ஆண்டு அனுபவம், எந்த வகை ரிக்கில், எந்தச் சான்றிதழோடு இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறது. ஒவ்வொருவருடைய சி.வி.யும் அவர்களுக்குப் போய் ஒப்புதல் பெற்று வர வேண்டும். அந்த நிபந்தனையில் ஒரு வரி பொருந்தாத ஆளை, எவ்வளவு திறமைசாலி என்று எனக்குத் தெரிந்தாலும், நான் அனுப்ப முடியாது. உங்களுக்குப் பதில் வராததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். யாரும் உங்கள் அனுபவத்தை எடைபோட்டு ஒதுக்கவில்லை, எடைபோடும் கட்டம் வரைக்கும் அது போகவே இல்லை.

ஆகவே ஐ.டபிள்யூ.சி.எஃப். லெவல் 3 இல்லாமல் டிரில்லர் பதவிக்கு விண்ணப்பிப்பது வீண். அது இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும் மனத்தில் வையுங்கள். டேராடூனில் ஓ.என்.ஜி.சி.யின் துளையிடும் தொழில்நுட்ப நிறுவனத்திலும், மும்பையில் சில தனியார் மையங்களிலும் இப்பயிற்சி நடக்கிறது. அதோடு எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பயிற்சிச் சான்றிதழும் தேவைப்படும். வளைகுடாவில் பல வயல்களில் அந்த நச்சு வாயு கலந்தே வருகிறது.

உங்கள் சி.வி.யில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? நம்மவர்கள் "இருபது ஆண்டு அனுபவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ரிக்கின் குதிரைத்திறன், துளைக்குழாயைச் சுழற்றுவது பழைய கெல்லி முறையா புதிய டாப் டிரைவா, துளையிட்ட கிணறுகளின் ஆழம், கேசிங் (கிணற்றுச் சுவர்க் குழாய்) அளவுகள், கிணற்றை அவசரமாக மூடும் பி.ஓ.பி. கருவியின் அழுத்த வரம்பு, கிக் (நிலத்தடி அழுத்தத்தால் வாயுவோ திரவமோ கிணற்றுக்குள் புகுவது) வந்தபோது கிணற்றை மூடிய அனுபவம் ஆகியவை ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இங்கே பல ரிக்குகளில் வழங்கும் "டாப்மேன்" என்ற பதவிப் பெயரை "டெரிக்மேன்" என்று எழுதுங்கள்.

ஒப்பந்த நிறுவனங்களில் இருந்தவர்களுக்கு வரும் பெரிய தொல்லை, பணிச் சான்றிதழ் கிடைக்காதது. நிறுவனமே மூடப்பட்டிருக்கும், அல்லது வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஆண்டுகளுக்கு இ.பி.எஃப். பாஸ்புக்கைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் எந்த நிறுவனம் உங்களுக்குப் பணம் கட்டியது என்பது அதில் இருப்பதால், பின்னணி சரிபார்ப்பின்போது அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எம்.வி.டி. (சுரங்கத் தொழிற்பயிற்சி) சான்றிதழ்களையும் தூக்கிப் போட வேண்டாம்.

திருவெறும்பூர் இன்ஸ்பெக்டர்:

நான் ரிக் ஆள் இல்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் பைப்பிங் இன்ஸ்பெக்டர். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைகளுக்காக ஆண்டுதோறும் வளைகுடாவுக்குப் போய் வருபவன். இருந்தாலும் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

பணம் கட்டிப் பயிற்சிக்குப் போகும் முன் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். காம்கா என்று நாம் பழக்கத்தில் சொல்லும் மருத்துவப் பரிசோதனையில், எப்போதோ ஆறிப்போன காசநோயின் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூடத் "தகுதியில்லை" என்று எழுதிவிடுவார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேறு இருக்கின்றன. எல்லாச் சான்றிதழும் கையில் இருந்து, இந்தக் கடைசிப் படியில் திரும்பி வந்தவர்கள் எங்கள் பகுதியில் பலர்.

அடுத்து, "காகிதம் சரியாக இருந்தால் போதும்" என்ற தொனியில் மும்பை நண்பர் எழுதியதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. 2018-இல் குவைத்தில், பொறியாளர் பதவியில் இருந்த இந்தியர்களிடம் அவர்கள் படித்த படிப்புக்கு என்.பி.ஏ. (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று கேட்டார்கள். படித்து முடித்துப் பல ஆண்டுகளாக அங்கேயே வேலை பார்த்தவர்கள், தாங்கள் படித்த காலத்தில் தங்கள் கல்லூரி அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். பொறியாளர் என்பதை விட்டு வேறு பதவிப் பெயருக்கு மாறித்தான் சிலர் விசாவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். விதி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று விண்ணப்பிக்கிறவனுக்குத் தெரியாது. அவனிடம் போய் உன் சி.வி. சரியில்லை என்று மட்டும் சொல்வது நியாயமாகப் படவில்லை.

கனடா, ஆஸ்திரேலியா பக்கம் யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 45 வயதானால் வயதுக்கான புள்ளி பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறைத் திறன் விசாவுக்கு 45 வயதுக்குள் அழைப்பு வந்தாக வேண்டும்.

மும்பை ஆள்தேர்வாளர்:

இன்ஸ்பெக்டர் ஐயாவின் மனவருத்தம் புரிகிறது. காகிதம் சரியாக இருந்தால் வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. சரியாக இல்லையென்றால் தொடக்கமே இல்லை என்றுதான் சொன்னேன். மருத்துவப் பரிசோதனை பற்றி அவர் சொன்னதை முதலில் செய்யுங்கள். அந்த வரிசைதான் சரி.

காவிரிப்படுகை டிரில்லர்:

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. நான் பார்த்தவை பெரும்பாலும் பெல் நிறுவனம் செய்த பழைய கெல்லி ரிக்குகள். டாப் டிரைவில் கடைசி இரண்டு பணியிடங்களில்தான் நின்றிருக்கிறேன். என் சி.வி.யில் இந்த வேறுபாடு எங்குமே இல்லை.

ஒரு சந்தேகம். ஈராக்கின் பாஸ்ராவில் ஒரு வொர்க்ஓவர் ரிக்கில் அசிஸ்டன்ட் டிரில்லர் வேலை இருப்பதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஒரு படி கீழே இறங்கிப் போவதா என்று வீட்டில் தயங்குகிறார்கள். அவர் சேவைக் கட்டணமாக இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய்ச் சேர்ந்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

மஸ்கட் டூல்புஷர்:

பதவி இறங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தம்பி. வொர்க்ஓவர் ரிக் என்றால் ஏற்கெனவே இருக்கும் கிணற்றைப் பழுதுபார்க்கும் வேலைதான். துளையிடும் டிரில்லருக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் விலை சரியும்போது முதலில் நிற்பது புதுக் கிணறு. பழைய கிணற்றிலிருந்து எண்ணெய் வர வேண்டுமே என்பதால் வொர்க்ஓவர் வேலை அவ்வளவு விரைவில் நிற்பதில்லை. இரண்டு ஆண்டு அங்கே அசிஸ்டன்ட் டிரில்லராக நின்றால், உங்களிடம் எல்லோரும் கேட்கும் அந்த வெளிநாட்டு அனுபவம் சி.வி.யில் ஏறிவிடும். நானாக இருந்தால் பதவியைப் பார்க்காமல் போவேன். ஆனால் இந்த ஏஜென்ட் மூலம் போக மாட்டேன்.

மும்பை ஆள்தேர்வாளர்:

வேலை பற்றி ஐயா சொன்னதே என் கருத்தும். பணம் பற்றி மட்டும் எழுதுகிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் இரசீது தர வேண்டும். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நீங்கள் டிப்ளமோ படித்தவர் என்பதால் உங்கள் கடவுச்சீட்டு இ.சி.என்.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத) வகையாக இருக்கும். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமலே நீங்கள் விமானம் ஏறலாம். இது வசதிதான், ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்காதவருடைய வேலை ஒப்பந்தத்தை அங்கே ஓர் அதிகாரி பார்க்கிறார், உங்களுடையதை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்களேதான் பார்க்க வேண்டும்.

விசிட் விசாவில் போகவே போகாதீர்கள். ஏஜென்டிடம் ரிக் நிறுவனத்தின் பெயர், ரிக்கின் எண், வாடகைக்கு எடுத்திருக்கும் எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையான வேலையாக இருந்தால் இவற்றைச் சொல்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இருக்காது. சொன்னால், ரிக் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, அந்த ஏஜென்டுக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் தந்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். 28 நாள் வேலைக்கு 28 நாள் விடுப்பா, 56 நாளுக்கு 28 நாளா, விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டா, விமானச் சீட்டு யார் செலவு என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

காவிரிப்படுகை டிரில்லர்:

ரிக் எண்ணைக் கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.