நகராத கட்டைக்கும் உச்ச உராய்வையே போடுகிறார்கள்

பாலக்கோட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர், மூன்று வாரமாக ஒரே தப்பு. கணக்கு இது: 30 டிகிரி சாய்தளம், 2 கிலோ கட்டை, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. உராய்வு விசை எவ்வளவு?

சரிவில் கீழே இழுப்பது 9.8 நியூட்டன். உராய்வு தாங்கும் உச்சம், அதாவது குணகத்தைத் தளம் கட்டையைச் செங்குத்தாகத் தள்ளும் விசையால் பெருக்கினால் வருவது, 11.88. கட்டை நகராது, விடை 9.8தான். இவர்களோ 11.88 எழுதி, கட்டை 1.04 முடுக்கத்தோடு மேலே ஏறும் என்கிறார்கள்!

விசைப்படம் வரைய வைத்தாச்சு. பலகையில் செங்கல் வைத்துச் சாய்த்தும் காட்டியாச்சு. டேன் 30 அதாவது 0.577, குணகத்தைவிடக் குறைவா (குறைவென்றால் கட்டை நகராது) என்று முதலில் பார்க்கச் சொன்னது இரண்டு நாள் நின்றது. சமதளத்தில் கயிறு கட்டி இழுக்கும் கணக்கு வந்ததும் பழைய கதைதான், அங்கே கோணமே இல்லையே.

உராய்வுச் சூத்திரம் தருவது உச்சவரம்பு மட்டுமே என்பது மனதில் பதிய, கணக்குகளை எந்த வரிசையில் கொடுக்கிறீர்கள்?