புரொடக்ட் மனேஜருக்குத் தமிழில் என்ன பெயர்? ‘பயன்பொருள் நெறியாளர்’ – ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

‘புரொடக்ட் மனேஜர்’ என்ற பதவியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் வாசித்தேன். உற்பத்தி முகாமையாளர், பொருள் மேலாளர், தயாரிப்பு மேலாளர், விளைபொருள் முகாமையாளர், கடைசியாக வல்வெட்டித்துறை அண்ணர் ஒருவர் தந்த ‘தண்டையல்’ (பாய்க்கப்பலின் தலைவர்). யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கடைகளில் பில் போடவும் சரக்கிருப்புப் பார்க்கவும் உதவுகிற மென்பொருள் ஒன்றுக்கு நான் செய்வது இந்த வேலையைத்தான். ஆகவே முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெளிந்தால் இந்தச் சொற்களில் பாதி தாமாகவே கழன்றுவிடும்.

பலசரக்குக் கடைக்காரர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரு பொத்தான். “தம்பி, கடன் நிக்கிற ஆக்களின்ரை லிஸ்ற்றை அச்சடிக்க ஒரு பட்டன் வைச்சுத் தாரும்” என்பார். அதை அப்படியே எழுதிப் பொறியியலாளரிடம் கொடுத்தால் ஒரு நாளில் பொத்தான் வந்துவிடும். ஆனால் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை தெரியும். காசு லாச்சிக்குப் பக்கத்தில் கடன் கொப்பி இருக்கிறது. சம்பள நாள் நெருங்கும்போது யார் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று அவர் அதைப் புரட்டுகிறார். சிலருக்குத் தொலைபேசி எடுக்கலாம். சிலருக்கு எடுக்கக்கூடாது, முகம் முறிந்துவிடும். அச்சடித்த தாள் மேசையில் கிடந்தால் அயலட்டையில் யாருக்கு எவ்வளவு கடன் என்று அடுத்துச் சாமான் வாங்க வருகிறவருக்கும் தெரிந்துவிடும். அவருக்குத் தேவைப்பட்டது அச்சு அல்ல. சம்பள நாளுக்கு முன்னால், அவர் மட்டும் பார்க்கக்கூடியதாக, கடவுச்சொல்லோடு ஒரு திரை. இதைக் கண்டுபிடிப்பதும், ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று பொறியியலாளருக்கு விளங்கப்படுத்துவதும், வடிவமைப்பாளரோடு இருந்து வரைவதும், கடைக்காரர் உண்மையில் அதைப் பாவிக்கிறாரா என்று பிறகு போய்ப் பார்ப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

அடுத்தது இதைவிடக் கடினமானது. எதைச் செய்யாமல் விடுவது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இணையமும் மின்சாரத்தோடு போய்விடும். இணையம் இல்லாமலும் பில் போட வழி செய்யுங்கள் என்று சின்னக் கடைகள் கேட்டன. அதே ஆண்டு ஜூன் 1 இல் பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது. செப்டம்பர் 1 இல் 15. பிறகு 2024 ஜனவரி 1 இல் 18. இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியவை, ஆண்டு விற்பனை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய நிறுவனங்கள்தான். சின்னக் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பதிவே கிடையாது. ஆனால் பதிவு உள்ள பெரிய கடைகளுக்கு அந்தத் திகதியில் பில் பிழைத்தால் சட்டச் சிக்கல். அதிலும் இரண்டு வழி உண்டு. விகிதத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம், சீக்கிரம் முடியும். அல்லது ஒவ்வொரு விகிதத்தையும் அது தொடங்கும் திகதியோடு சேமிக்கலாம். அப்படிச் செய்தால்தான் ஓகஸ்டில் விற்ற சாமான் செப்டம்பரில் திரும்பி வரும்போது பழைய விகிதத்தில் கணக்குப் பிடிக்க முடியும். ஆனால் இதற்குக் கூடுதல் நாட்கள் வேண்டும், அந்த நாட்களை மின்வெட்டு வேலையிலிருந்துதான் எடுக்கவேண்டும். பெரிய கடைகள் கூடக் காசு தருகின்றன, சின்னக் கடைகள் எண்ணிக்கையில் கூட. இதற்கிடையில் விற்பனைப் பிரிவில் ஒருவர் கிளிநொச்சிக்குப் போய், யாரையும் கேட்காமல் வேறொரு வசதியை “அடுத்த மாதம் வரும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

யாரோ ஒருவர் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். காரணத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பிழைத்துப்போனால் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். இதில் முக்கியமான ஒன்று: அந்தப் பொறியியலாளர்கள் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்ல. அவர்களுடைய சம்பளம், லீவு, பதவி உயர்வு எதுவும் என் கையில் இல்லை. விற்பனைப் பிரிவும் அப்படித்தான். அதிகாரம் இல்லாத பொறுப்பு இது. கையில் இருப்பது கடைக்காரரைப் பற்றிய அறிவும், கொஞ்சம் தரவும், விளங்கப்படுத்தும் பொறுமையும் மட்டுமே.

இதனால்தான் ‘முகாமையாளர்’, ‘மேலாளர்’ இரண்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டு சொற்களும் ஆட்களை நிர்வகிப்பவரையே கண்முன் நிறுத்துகின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் படும் கஷ்டமும் இதிலிருந்து வருகிறது. பதவிப் பெயரில் மனேஜர் இருக்கிறது, ஆனால் சொன்னதைக் கேட்க யாரும் இல்லை. தமிழில் புதிதாக ஒரு பெயர் வைக்கும்போது அந்த மயக்கத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

பெயரைப் பற்றி ஆங்கிலத்திலும் ஒரே முடிவு இருக்கவில்லை. இந்த வேலையின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது 1931 மே 13 இல் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்எல்ராய் எழுதிய ஒரு குறிப்பு. அவர் கமே சவர்க்காரத்தின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சவர்க்காரத்தோடும் அது போட்டி போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதை முழுதாகக் கவனிக்கத் தனி ஆள் வேண்டும் என்று கேட்டார். அவர் வைத்த பெயர் ‘பிராண்ட் மான்’. மைக்ரோசொப்ட்டில் இதற்கு நெருங்கிய வேலையைப் ‘புரோகிராம் மனேஜர்’ என்றார்கள். ஜப்பானில் ரொயோட்டா 1950களில் ஒவ்வொரு கார் வகைக்கும் ஒரு ‘சுசா’வை வைத்தது. 1955 இல் வந்த கிரவுன் காருக்குக் கென்யா நகமுரா சுசாவாக இருந்தார். இயந்திரப் பகுதிக்கும் உடற்பகுதிக்கும் தனித்தனித் தலைவர்கள். சுசா அவர்களுக்கு உத்தரவு போட முடியாது, இணங்கவைக்கத்தான் முடியும். ஆனால் முழுக் காருக்கும் பொறுப்பு அவர்தான். இன்றைய மென்பொருள் வேலைக்கு மிக நெருங்கியது இந்தப் பதவிதான் என்பது என் எண்ணம். ஜப்பானியர் தங்கள் மொழியிலேயே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சரி, வந்த சொற்களுக்குப் போவோம். ‘உற்பத்தி முகாமையாளர்’ இலங்கையில் ஏற்கெனவே தொழிற்சாலையில் உற்பத்தியைப் பார்ப்பவருக்கு உரிய பெயர். வேலை அறிவித்தலில் போட்டால் ஆடைத் தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். ‘விளைபொருள்’ என்றதும் வலிகாமத்துச் செம்மண்ணும் வெங்காயமும் புகையிலையும் நினைவுக்கு வரும், மென்பொருள் வராது. ‘தயாரிப்பு’ சினிமாப் பக்கம் இழுக்கும். ‘பொருள்’ தனியே நின்றால் மிக அகலம்.

‘தண்டையல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். எங்கள் கடலோரச் சொல். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போன கதையை அண்ணர் எழுதியபோது எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் கப்பலில் தண்டையல் சொல்வதே முடிவு. எங்கள் வேலையில் இல்லாதது அந்த அதிகாரம்தான். வேறொரு தேவைக்கு அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருப்போம்.

என் முன்மொழிவு ‘பயன்பொருள் நெறியாளர்’.

நெறியாளர் நமக்குப் புதிய சொல் அல்ல. யாழ்ப்பாண நாடக மேடையில் ‘நெறியாள்கை’ என்பது பழகிய சொல். பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறியாளர் இருக்கிறார். ஆய்வேட்டை அவர் எழுதுவதில்லை, அது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்கிறார். தொலைக்காட்சி விவாதத்தில் பேசுபவர்கள் வேறு, நெறியாளர் வேறு. வேலையைச் செய்பவர்கள் மற்றவர்கள், அது நெறி தவறாமல் போகக் கவனிப்பவர் இவர் என்ற கருத்து எல்லா இடத்திலும் நிற்கிறது. நாடக நெறியாளருக்கு நடிகர்மேல் இருக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, அது உண்மை. ஆனால் சொல்லின் வேர் நெறியில் இருக்கிறது, ஆட்களை ஆள்வதில் இல்லை. முகாமையாளரைவிட அது நேர்மையாகவே நிற்கும்.

‘பயன்பொருள்’ ஏன்? செயலி, இணையச் சேவை, வங்கியின் புதிய சேமிப்புத் திட்டம் என எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஒருவர் அதைப் பயன்படுத்துகிறார் என்பது. நுகர்பொருளோடு மயங்காதா என்று கேட்கலாம். நுகர்பொருள் தீர்ந்துபோவது, இது தொடர்ந்து பாவனையில் இருப்பது. பாவனையாளர் என்று ஈழத்தில் சொல்வதும் பயனர் என்று தமிழகத்தில் சொல்வதும் இதோடு பொருந்தி வரும். இரு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் அமைந்தால் நல்லது.

இதோடு சேர்ந்த இரண்டு சொற்கள். மென்பொருள் குழுக்கள் வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ‘ஸ்கிரம்’ முறையில் வரும் ‘புரொடக்ட் ஓனர்’ என்பதை ‘உரிமையாளர்’ ஆக்கினால் நிறுவனத்தின் முதலாளி என்றே விளங்கும். அந்தப் பொறுப்பு ஒருவரிடமே இருக்கவேண்டும், குழுவிடம் அல்ல என்று ஸ்கிரம் வழிகாட்டி சொல்கிறது. ஆகவே ‘பயன்பொருள் பொறுப்பாளர்’ போதும். பொறுப்பாளர் என்ற சொல் எங்கள் ஊரில் போர்க்காலத்தின் நிறத்தைச் சுமக்கிறது என்று அக்கா ஒருவர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நூலகப் பொறுப்பாளர், விடுதிப் பொறுப்பாளர் என்று அன்றாடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டாவது, ‘பக்லொக்’, அதாவது செய்யலாம் என்று குறித்துவைத்த வேலைகளின் பட்டியல். இதை ‘நிலுவைப் பட்டியல்’ என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிலுவை என்றால் கட்டாயம் தீர்க்க வேண்டியது. இந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பல ஒருநாளும் செய்யப்படாது, செய்யப்படவும் கூடாது. ‘முன்னுரிமைப் பட்டியல்’ என்றால் விளங்காதவர் இல்லை.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அதற்கான சொற்களை ஆக்கி, நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்தச் சொற்கள் மாணவர் கையில் பாடமாகப் போயின. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் இந்தச் சொல்லை எங்காவது உண்மையான வேலையில் காணவேண்டும். ஆகவே ஒரு வேலை அறிவித்தலாக எழுதிப் பார்த்தேன்:

“யாழ்ப்பாணத்தில் இயங்கும் மென்பொருள் நிறுவனத்துக்குப் பயன்பொருள் நெறியாளர் தேவை. கடைக்காரர்களை நேரில் சந்தித்துத் தேவைகளை அறிதல், முன்னுரிமைப் பட்டியலைப் பேணுதல், பொறியியலாளர், வடிவமைப்பாளர், விற்பனைப் பிரிவினர் ஆகியோரை ஒரே நோக்கில் இணங்கவைத்தல் ஆகியவை பணிகள். இப்பதவியின் கீழ் நேரடியாகப் பணியாற்றும் ஊழியர்கள் இல்லை.”

செயற்றிட்ட முகாமையாளர் (புரொஜெக்ட் மனேஜர்) பதவிக்கான அறிவித்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இதை வாசித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேலை என்று உங்கள் வீட்டில் இந்தத் துறை தெரியாத ஒருவருக்கு விளங்குகிறதா என்று எழுதுங்கள். ‘பயன்பொருள்’ இடறுகிறது என்றால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், ‘நெறியாளர்’ மட்டும் நிற்கட்டும் என்பது என் விருப்பம்.