அடிரான்டாக் காட்டில் கரடிக்கு ஒரு முறை, மூஸுக்கு வேறு முறை

நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளில் இருக்கும் கரடி இனம் கருங்கரடி மட்டும்தான். கூடாரத்துப் பக்கம் அது வந்தால் காரணம் பெரும்பாலும் சாப்பாட்டு வாசனை. அங்குள்ள கிழக்கு ஹை பீக்ஸ் பகுதியில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை இரவு தங்குவோருக்குக் கரடி டப்பா, அதாவது கரடி திறக்க முடியாதபடி செய்த கெட்டியான சாப்பாட்டு டப்பா, கட்டாயம். 2005-ல் வந்த விதி இது. அதற்கு முன் சாப்பாட்டுப் பையை மரங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கவிடுவார்கள். கயிற்றின் மறுமுனை எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்று பார்த்துக் கடித்து அறுக்கக் கரடிகள் பழகிவிட்டன.

எல்லா டப்பாவும் ஒன்றல்ல. இரண்டு காதிலும் மஞ்சள் அடையாள வில்லை இருந்ததால் 'எல்லோ-எல்லோ' என்று பேர் வாங்கிய பெண் கரடி, ஒருவகைத் திருகுமூடி டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. மூடியில் இரண்டாவது தடுப்பு வைத்தார்கள், அதையும் திறந்துவிட்டது. 2012-ல் வேட்டையில் செத்தது. நாணயத்தால் திருகித் திறக்கும் கறுப்பு டப்பா ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், ஆனாலும் இங்கே அதுதான் நல்லது. நாணயத்தை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு முழிப்பவர்களும் உண்டு!

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பொட்டலங்களில் காற்றை வெளியேற்றி அடுக்கினால் இடம் மிச்சம். கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், குப்பை எல்லாம் உள்ளே போக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். சமைக்கும்போதும் மூடியைத் திறந்து போடாதீர்கள். இரவில் கூடாரத்திலிருந்து 100 அடியாவது தள்ளி, சமதரையில் வையுங்கள். சரிவிலோ ஓடைக்கரையிலோ வைத்தால் கரடி தட்டிவிடும்போது உருண்டு தண்ணீரில் போய்விடும். டப்பாவில் கயிறு கட்டக் கூடாது, அது கரடிக்குப் பிடி கொடுத்த மாதிரி.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், மரத்திலும் ஏறாதீர்கள். இரண்டிலும் அது நம்மைவிடக் கெட்டி. கூட்டமாக நின்று, கையை உயர்த்தி, உரக்கப் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். இரண்டு காலில் நிற்பது மோப்பம் பிடிக்கவும் நன்றாகப் பார்க்கவும்தான். புஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தாடையைத் தட்டினால் 'கிட்டே வராதே' என்று அர்த்தம். அப்படியும் மேலே பாய்ந்தால் செத்ததுபோல் படுக்காமல், மூக்கையும் கண்ணையும் குறிவைத்துத் திருப்பி அடிக்க வேண்டும்.

மூஸ் என்னும் பெரிய மான் வகை அப்படியே நேரெதிர். 1860-களில் இங்கே அற்றுப்போய், 1980-ல் தானாகத் திரும்பி வந்த விலங்கு. சாதுவாகத் தெரிவதால் படம் எடுக்க நெருங்குகிறார்கள். காது பின்னால் படிந்து, தோள்மயிர் சிலிர்த்தால் முட்ட வருகிறது என்று பொருள். அப்போது ஓடத்தான் வேண்டும். பருத்த மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள், பெரும்பாலும் தொடர்ந்து துரத்தாது. கீழே தள்ளிவிட்டால் தலையை மூடிச் சுருண்டு கிடங்கள். மே, ஜூனில் கன்றோடு திரியும் பெண் மூஸும், செப்டம்பர் கடைசியில் இணைசேரும் ஆண் மூஸும்தான் ஆபத்து. நாயைக் கண்டால் ஓநாய் என்றே எடுத்துக்கொள்ளும், நாயின் கழுத்து வாரை அவிழ்க்காதீர்கள்.

இரவில் காட்டுச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. மூஸின் உடல் கருமை, கண்ணோ ஹெட்லைட் மட்டத்துக்கு மேலே. மான் கண்போல் பளிச்சென்று மின்னும் என்று எதிர்பார்த்தால், கால்கள் மட்டும் தெரிவதற்குள் வண்டி கிட்டே போயிருக்கும்.